தூண்டில் ஈயக்குண்டு வார்க்க மலிவு 'செட்' வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாறைப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஈயக்குண்டு என்பது அறுந்துபோவதற்கென்றே பிறந்த பொருள். வாங்கிக் கட்டுப்படியாகாமல், சரி, நாமே வார்த்துக்கொள்வோம் என்று இறங்குகிறவர்களைக் குறிவைத்து 'தொடக்கநிலை செட்' ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். ஓர் அச்சு, உருக்கப் பாத்திரம், கரண்டி, கூடவே 'நூறு சதவீதம் சுத்த ஈயம்' என்று சில கட்டிகள். நான் ஏமாந்தது அந்தக் கட்டிகளில்தான்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எனக்கு வந்ததில் கொஞ்சம்தான் அந்தச் சூட்டுக்கு இளகியது, மிச்சம் மேலே மிதந்தது. சூட்டை ஏற்றினால் ஆறிப்போன கூழ் மாதிரி திட்டுத்திட்டாகத் திரண்டது. அச்சில் ஊற்றினால் மூலைவரை ஓடவில்லை. குண்டின் உடம்பெல்லாம் சுருக்கம், ஓரங்கள் மொட்டை. உருப்படியாக வந்த ஒன்றிரண்டும் அச்சில் பொறித்திருந்த எடைக்குக் குறைவு. கலந்திருந்தது துத்தநாகம்.

இது எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. வண்டிச் சக்கரம் ஆடாமல் சுற்ற, பேலன்சிங்குக்கு அடிக்கும் கட்டிகள் முன்பு பெரும்பாலும் ஈயம், கழற்றிய பழையதை உருக்கித்தான் இப்படி ஈயக் கட்டி ஆக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலையில் அதற்குத் தடை போட்டது. இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் நிறைய வருகின்றன. இரும்பு என்றால் தொல்லையில்லை, உருகாமல் மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகி உள்ளே கலந்து முழுப் பாத்திரத்தையும் கெடுத்துவிடும். பழைய சக்கரக் கட்டியாகவே வாங்கினால் பலவற்றில் எந்த உலோகம் என்று குறி இருக்கும், பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிக் கட்டியாக ஊற்றிவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதனால்தான் கட்டியாக விற்கிறார்கள் என்பது என் அனுமானம்.

புகார் சொன்னேன், படமும் அனுப்பினேன். "உருக்கிய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்று பதில். உருக்காமல் தெரியாது, உருக்கினால் திருப்ப முடியாது. நல்ல வியாபாரம்! சமாதானமாக வேறொன்று சொன்னார்கள்: "பேட்டரித் தகடு தருகிறோம், உருக்கிக்கொள்ளுங்கள்." தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தத் தகடுகளில் ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் இருக்கலாம். உருக்கி வழித்த கசடில் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பக்கூடும்.

உருக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். கட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு வாளித் தண்ணீரில், அடியைத் தொடாமல், முழுக அமிழ்த்திப் பாருங்கள். 1,000 கிராம் சுத்த ஈயம் தண்ணீருக்குள் சுமார் 912 காட்டும், துத்தநாகம் 860 காட்டும். இடையில் எங்காவது நின்றால் கலப்படம். கட்டி முடிந்தவரை பெரிதாக இருக்கட்டும், சின்னத் துண்டில் வித்தியாசம் தெரியாது. நகத்தால் கீறிப் பார்ப்பதும் உதவும், சுத்த ஈயத்தில் கோடு விழும். வாங்கும் இடத்திலேயே இதைச் செய்யவிடாதவரிடம் வாங்க வேண்டாம்.

செட்டில் வந்த பாத்திரம் அலுமினியம். ஈயம் உருக்கும் சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும். அதில் உருகிய ஈயத்தைத் தூக்குவது காலில் ஊற்றிக்கொள்ளத் தயாராவது போலத்தான். அடி கனத்த இரும்புச் சட்டி வையுங்கள். ஈரக் கட்டியை உருகிய ஈயத்தில் போடக் கூடாது என்ற எச்சரிக்கைகூட அதனோடு வந்த தாளில் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் நீராவியாகி அத்தனை ஈயத்தையும் முகத்தில் அடிக்கும்.

இதைவிடக் கோபம், அவர்கள் அனுப்பிய செய்முறை வீடியோ. சமையலறை அடுப்பில், பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு இருக்க, ஈயம் உருக்குகிறார்கள். கசடுத் தூசி கையிலும் தட்டிலும் ஒட்டி வயிற்றுக்குள் போகும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெட்டவெளியில், தனிச் சட்டியில் மட்டும் செய்யுங்கள்.

நேற்றுப் பார்த்தேன், அதே படத்தோடு அதே கட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. 'சுத்த ஈயம்' என்பதை எடுத்துவிட்டு 'கடலுக்கு ஏற்ற கடின ஈயம்' என்று போட்டிருக்கிறார்கள். விலையும் கூடியிருக்கிறது.