நோட்.ஜேஎஸ் சர்வரில் குக்கிகள்: பல வருஷப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

லாகின் உள்ள எந்த வெப் அப்ளிகேஷனுக்கும் இன்றைக்கும் நான் முதலில் எடுப்பது குக்கியைத்தான்; சர்வர் கொடுத்துப் பிரவுசர் வைத்துக்கொள்ளும் சின்னத் தகவல் அது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ், அதன் மேல் எக்ஸ்பிரஸ் என்ற ஃப்ரேம்வொர்க், கூடவே யார் லாகின் ஆகியிருக்கிறார் என்ற பதிவை (செஷன்) பார்த்துக்கொள்ளும் எக்ஸ்பிரஸ்-செஷன். சின்னதும் பெரியதுமாகப் பல வேலைகளில் பல வருஷமாக இதே கூட்டணியோடு ஓட்டிவருகிறேன். இடையில் லாகின் டோக்கனைப் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டு வைக்கும் வழியிலும் வேலை செய்திருக்கிறேன். அதில் பக்கத்துக்குள் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரே வரியில் டோக்கனை எடுத்துவிடலாம். நாம் எழுதிய கோடாக இருந்தாலும் சரி, எங்கிருந்தோ இழுத்துவந்த லைப்ரரியாக இருந்தாலும் சரி. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் காட்டாதே என்று சொல்லும் ஹெச்டிடிபிஒன்லி போட்ட குக்கியை அப்படிப் படிக்க முடியாது. உள்ளே புகுந்த கெட்ட ஸ்கிரிப்ட் பயனர் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்பலாம், அது உண்மை. ஆனால் செஷன் ஐடியை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியாது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

குக்கியோடு நிம்மதியாக இருக்க வேண்டுமானால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: சர்வர் கேட்கத்தான் முடியும், முடிவு பிரவுசருடையது. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கிய நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவேயில்லை. ரெஸ்பான்ஸில் செட்-குக்கி ஹெடர் போகிறது. அடுத்த ரிக்வெஸ்ட்டில் குக்கி ஹெடராகத் திரும்பி வருகிறது. போகும்போது பாத், டொமைன், மேக்ஸ்-ஏஜ், செக்யூர், சேம்சைட் என்று நீளமாக ஒரு வால் இருக்கும். வரும்போது பெயரும் மதிப்பும் மட்டும்தான். இது எப்போது காலாவதியாகும், எந்த டொமைனுக்காக வைத்தது என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியாது. என்னை அதிகம் அலைக்கழித்த பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பின.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அப்ளிகேஷனில் லாகின் குக்கிக்கு முதலில் டொமைன் குறிப்பிடாமல் இருந்தது. அப்படி விட்டால் அந்த ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான் குக்கி போகும். பிறகு சப்டொமைன்களிலும் லாகின் செல்ல வேண்டும் என்பதால் டொமைன் சேர்க்கப்பட்டது. புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் சரியாக நடந்தது. பழைய பயனர்களில் சிலர் மட்டும் பாஸ்வேர்டு போட்டதும் திரும்பவும் லாகின் பக்கத்துக்கே வந்து நின்றார்கள். டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் தாவலைத் திறந்தால் ஒரே பெயரில் இரண்டு வரிகள்! ஒன்றில் டொமைன் வெறும் ஹோஸ்ட் பெயர், இன்னொன்றில் முன்னால் ஒரு புள்ளி. பிரவுசர் கண்ணில் இரண்டும் வெவ்வேறு குக்கிகள். அதனால் இரண்டையும் அனுப்புகிறது, பொதுவாக முதலில் உருவான பழையதை முன்னால் வைத்து. நோட் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் குக்கி பார்சர் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததையே எடுத்துக்கொள்ளும். அது செத்துப்போன செஷன். புதியதை யாரும் பார்க்கவேயில்லை. குக்கியின் பெயரை மாற்றியதோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகு டொமைனையோ பாத்தையோ தொட வேண்டி வந்தால் கூடவே பெயரையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

அழிப்பதிலும் இதே கதைதான். கிளியர்குக்கி என்ற ஃபங்ஷன் எதையும் போய் அழிப்பதில்லை. காலாவதித் தேதியைப் பழைய காலத்தில் வைத்து அதே பெயரில் இன்னொரு குக்கியை அனுப்புகிறது. வைத்தபோது கொடுத்த பாத்தும் டொமைனும் அப்படியே பொருந்தினால்தான் பழையது போகும். லாக்அவுட் அழுத்தியும் லாகின் அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வைக்கவும் அழிக்கவும் ஆப்ஷன்களை ஒரே மாறிலியில் எழுதி இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தால் தொல்லை இல்லை. லாக்அவுட்டில் சர்வர் பக்கத்து செஷனையும் டெஸ்ட்ராய் செய்ய வேண்டும். பிரவுசர் அழிக்காவிட்டாலும் அந்த ஐடிக்கு அதன் பின் எந்த மதிப்பும் இருக்கக் கூடாது.

அடுத்து செக்யூர், அதாவது ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் குக்கியை அனுப்பு என்ற குறிப்பு. உள்ளூர் மெஷினில் நன்றாக ஓடும். சர்வரில் ஏற்றியதும் லாகின் நிற்காது. எர்ரரும் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. காரணம் பெரும்பாலும் ரிக்வெஸ்ட்டை வாங்கி நோடுக்குக் கடத்த முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி. பிரவுசர் ப்ராக்ஸியிடம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் பேசும், ப்ராக்ஸி நோடிடம் வெறும் ஹெச்டிடிபியில் பேசும். கனெக்‌ஷன் பாதுகாப்பானதில்லை என்று எக்ஸ்பிரஸ்-செஷன் நினைத்துக்கொண்டு செட்-குக்கி ஹெடரையே அனுப்பாமல் விட்டுவிடும். டீபக் என்விரான்மென்ட் வேரியபிளில் எக்ஸ்பிரஸ்-செஷன் என்று போட்டு ஓட்டினால் அது சத்தமில்லாமல் விட்டது கண்ணில் படும். எக்ஸ்பிரஸில் ட்ரஸ்ட் ப்ராக்ஸியை 1 என்று, அதாவது முன்னால் நிற்கும் ஒரு ப்ராக்ஸியை நம்பு என்று, வைக்க வேண்டும். பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ஸில் வந்தது என்பதைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை ப்ராக்ஸி அனுப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். ப்ராக்ஸியாகப் பலர் வைக்கும் என்ஜின்எக்ஸ் அதைத் தானாக அனுப்பாது, நாம்தான் எழுத வேண்டும். அவசரத்துக்கு செக்யூரை எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரண்டு வரி கான்ஃபிகரேஷனில் தீர்கிற விஷயத்துக்காகப் பயனரின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது நியாயமே இல்லை.

வேறு சைட்டிலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டில் குக்கி வரலாமா என்று சொல்வது சேம்சைட். ஸ்ட்ரிக்ட் என்றால் வராது; லாக்ஸ் என்றால் லிங்கை அழுத்தி வரும்போது மட்டும் வரும்; நன் என்றால் எப்போதும் வரும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80இலிருந்து, ஒன்றும் குறிப்பிடாத குக்கியை லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. வேறு சைட்டிலிருந்தும் குக்கி வர வேண்டுமானால் நன் என்று எழுதி செக்யூரும் போட வேண்டும். நான் எப்போதும் லாக்ஸை வாய்விட்டு எழுதிவிடுவேன். ஸ்ட்ரிக்ட் போட்டால் மின்னஞ்சலில் வந்த லிங்கை அழுத்தி வருபவர் லாகின் ஆகாதவர் போலத் தெரிவார். பேமென்ட் முடிந்து திரும்பி வருபவருக்கும் அதே நிலைதான்.

குக்கிக்குள் எதை வைப்பது? என் பதில்: ஐடி மட்டும். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு கையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி இருந்தால் போதும். ஒரு குக்கிக்குச் சுமார் 4096 பைட் வரைதான் பிரவுசர்கள் இடம் தரும். செஷன் முழுவதையும் குக்கியிலேயே வைக்கும் குக்கி-செஷனும் உண்டு. தீம், மொழி போன்ற சில்லறை விஷயங்களுக்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கொஞ்ச நாளில் படத்துக்கான ரிக்வெஸ்ட்டும் அத்தனையையும் சுமந்து வரும். நோடில் ஹெடர்களின் மொத்த அளவுக்கு இயல்பான வரம்பு 16 கேபி; தாண்டினால் ஹெடர் மிகப் பெரியது என்ற பொருளில் 431 என்று திருப்பி அனுப்பிவிடும். இன்னொன்று: சர்வரின் ரகசியச் சாவியால் (சீக்ரெட்) முத்திரையிட்ட, அதாவது சைன் செய்த குக்கி என்றால் யாரும் மாற்ற முடியாது என்றுதான் பொருள். படிக்க யாராலும் முடியும். ரகசியத்தை அதில் வைக்காதீர்கள்.

எக்ஸ்பிரஸ்-செஷனோடு வரும், செஷன்களை நோடின் மெமரியிலேயே வைக்கும் மெமரிஸ்டோர் சோதனைக்கு மட்டும். புரொடக்‌ஷனில் விட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும். ப்ராசஸ் ரீஸ்டார்ட் ஆனால் எல்லோரும் லாக்அவுட். செஷன்களுக்குத் தனியாக ஓடும் ரெடிஸ் டேட்டாபேஸை வைத்த பிறகு அந்தக் கவலை எனக்கு இல்லை. எதுவும் எழுதப்படாத செஷனையும் சேமிக்கச் சொல்லும் சேவ்அன்இனிஷியலைஸ்டை ஃபால்ஸ் என்று வைக்கவும். இல்லாவிட்டால் வந்துபோகும் ஒவ்வொரு தானியங்கி நிரலுக்கும் (பாட்) ஒரு செஷன் உருவாகி ஸ்டோர் நிரம்பும். லாகின் வெற்றியானதும் ரீஜெனரேட் கூப்பிட்டுப் புது ஐடி கொடுங்கள். லாகினுக்கு முன்பே ஒருவர் கையில் திணிக்கப்பட்ட ஐடி லாகினுக்குப் பிறகும் செல்லுபடியாகக் கூடாது.

எக்ஸ்பிரஸில் மேக்ஸ்ஏஜ் மில்லிசெகண்ட், ஹெடரில் போகும் மேக்ஸ்-ஏஜ் செகண்ட். வேறு ஃப்ரேம்வொர்க்கிலிருந்து கோடை நகர்த்தும்போது இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சீக்ரெட் மாற்றும் வசதியைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். சீக்ரெட்டை ஒரே சரமாகக் கொடுக்காமல் பல சீக்ரெட்டுகளின் வரிசையாக (அரே) கொடுக்கலாம். முதலில் இருப்பதை வைத்துப் புதிய குக்கிகள் சைன் ஆகும். சரிபார்க்கும்போது எல்லாமே ஏற்கப்படும். புதியதை முன்னால் சேர்த்துவிட்டு, செஷனின் ஆயுட்காலம் கழிந்ததும் பழையதை நீக்கிவிடுகிறேன். ஒவ்வொரு ரெஸ்பான்ஸிலும் குக்கியைப் புதுப்பிக்கும் ரோலிங் என்ற ஆப்ஷனும் கூட இருந்தால் ஒழுங்காக வந்துபோகிற யாரும் லாக்அவுட் ஆவதில்லை.