ஃபேமிலிசர்ச்: முன்னோரைத் தேட உதவும் கட்டணமில்லா இணையதளம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் இறப்புப் பதிவுகளையும் கொண்டு முன்னோர் ஒருவரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம் ஃபேமிலிசர்ச். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் திருச்சபை நடத்தும் இந்த இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும், கட்டணம் கிடையாது. பல நாடுகளில் 1938 முதல் ஆவணங்களைப் படமெடுத்துச் சேர்த்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த படச்சுருள்) சுருள்களை 2021-இல் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி முடித்தார்கள்.

தேடல் வசதியைவிட மூலத்தாளின் படமே இதன் பெரிய பலம் என்பது என் கருத்து. 1900-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளில், மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அடுத்தடுத்துக் கட்டங்கள் உண்டு. கடைசி இரண்டில் ஏழு என்றும் நான்கு என்றும் எழுதியிருந்தால், மீதி மூவரின் இறப்புப் பதிவைத் தேடுவதே அடுத்த வேலை. 1921-இல் நேர்ந்த தீ விபத்தின் விளைவாக 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி இல்லாமல் போய்விட்டதால், 1880-க்குப் பின் பிறந்து 1900-க்குள் இறந்த குழந்தையின் பெயர் எந்தத் தாளிலும் கிடைக்காமல் போகலாம்; அப்போது நமக்கு மிஞ்சுவது அந்தக் கழித்தல் கணக்கு மட்டுமே.

இறப்புச் சான்றிதழில் நான் முதலில் பார்ப்பது, தகவல் அளித்தவர் யார் என்பதைத்தான். இறப்பின் காரணம் மருத்துவர் எழுதியதாக இருக்கும். பெற்றோரின் பெயரும் பிறந்த இடமும் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ நினைவிலிருந்து சொன்னவையாக இருக்கலாம். தேடல் முடிவில் எல்லாம் ஒரே உறுதியோடு நிற்கும். படத்தைத் திறந்தால்தான் எது யார் சொன்னது என்று புரியும்.

ஆனால் எல்லாப் படங்களையும் வீட்டிலிருந்தே பார்த்துவிட முடியாது. ஆவண உரிமையாளர்களுடனான ஒப்பந்தத்தின்படி, சிலவற்றை இந்த அமைப்பின் மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோதான் திறக்கலாம். இறந்தவர்களைப் பற்றிய விவரங்களை எந்தப் பயனரும் திருத்தக்கூடிய, இத்தளத்தின் பொது வம்சாவளி மரத்தை, ஆதாரம் இணைக்கப்படாத இடங்களில் நான் நம்புவதில்லை; அதைத் துப்பாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புகளைத் தேடுவோருக்கு இங்கே பெயர்ப்பட்டியல்தான் கிடைக்கும். இறப்பின் காரணம், தகவல் அளித்தவர் ஆகிய விவரங்கள் வேண்டுமானால் அங்குள்ள பொதுப் பதிவு அலுவலகத்தில் பணம் கட்டித்தான் பெற வேண்டும்.