நடுகல் நூலுக்கு அருஞ்சொற்பொருள்: சிகில் என்ற மின்னூல் மென்பொருளில் பல நூல் செய்தபின் தெரிந்தவை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வரலாறு எழுதுபவர்கள் அருஞ்சொற்பொருள் இல்லாமல் நூலை முடிக்க முடியாது. தொறு (மாட்டு மந்தை), பட்டான் (போரில் இறந்தான்) என்று, இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லின் வாசகம் முழுக்க விளக்கம் கேட்கும் சொற்கள்தான். அச்சில் இரண்டு பத்தி அட்டவணை போட்டால் வேலை முடிந்தது. மின்னூலில் அதே அட்டவணை கைப்பேசித் திரையில் நசுங்கிப்போகும். டேப் தட்டி விட்ட இடைவெளியை நம்பவே கூடாது.

சொல்லையும் பொருளையும் ஒரே பத்தியில் வைத்து, சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் கொடுப்பதுதான் இன்றுவரை சிக்கல் தராத முறை. மின்னூலின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் இடது ஓரம் 1.5 எம் (எழுத்தளவோடு சேர்ந்து மாறும் அலகு), முதல் வரிக்கு மைனஸ் 1.5 எம். பிக்சலில் கொடுத்தால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது உள்தள்ளல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழுக்கு அது அழகில்லை.

பெரும்பாடு அகரவரிசையில்தான். கணினி வரிசைப்படுத்தப் பயன்படுத்தும் யூனிகோடு எண் வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. அதில் ச-வுக்கு அடுத்து ஜ வரும், ந-வை ஒட்டி ன வரும், ர-வின் பின்னால் ற வரும். புள்ளி வைத்த மெய்யோ கடைசிக்குப் போய்விடும். அகராதியில் ‘படை’க்கு முன்னால் இருக்கவேண்டிய ‘பட்டான்’ பின்னால் நிற்பது இதனால்தான். நூறு சொல்லுக்குள் என்றால் கையால் திருத்துவதே சுருக்கு வழி.

பழைய டிடிபி எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ‘தொ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘தொறு’ போய் ‘தெ’ வரிசையில் உட்கார்ந்துவிடும், சிகிலில் தேடினாலும் சிக்காது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக மாற்றிவிட்டுத்தான் வரிசைப்படுத்தத் தொடங்கவேண்டும்.

அடுத்தது, நூலில் வரும் சொல்லைத் தட்டினால் அருஞ்சொற்பொருளுக்குப் போகும் இணைப்பு. ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள். ‘தொறு’ என்று கொடுத்தால் ‘ஊர்தொறும்’ என்பதற்குள்ளும் இணைப்பு விழும். ‘பட்டான்’ என்று கொடுத்தால், காலையில் ஊருக்குப் ‘புறப்பட்டான்’ என்பவனைத் தட்டினாலும் ‘போரில் இறந்தான்’ என்று பொருள் வரும்! ஒவ்வொரு இயலிலும் சொல் முதலில் வரும் இடத்துக்கு மட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து இணைப்பு கொடுத்தால் போதும். ‘தொறுவை’ என்று வந்தால் முழுச்சொல்லையும் இணைப்புக்குள் அடக்குங்கள். உயிர்மெய்யின் நடுவே இணைப்பின் குறிச்சொல் (டேக்) விழுந்தால் துணைக்கால், கொம்பு எல்லாம் புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும்.

இணைப்பு போய்ச்சேரும் இடத்துக்கு வைக்கும் ஐடி பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது பாதுகாப்பு. பொருளிலிருந்து படித்த இடத்துக்குத் திரும்பும் அம்புக்குறி கட்டாயம் வேண்டும். கடைசியாக, மின்னூலை முன்னோட்டம் பார்க்க உதவும் கிண்டில் ப்ரிவியூவரில் கைப்பேசி அளவைத் தேர்ந்து, எழுத்தை மிகப் பெரிதாக்கி, அருஞ்சொற்பொருளை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.