ஒரே பூச்சு வண்ணம் என்ற பெயரில் விற்கப்படும் நீர்த்த குப்பிகள்: மினியேச்சர் பூசுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மேசைப்போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர்களுக்கு, அதாவது சிறு உருவங்களுக்கு, வண்ணம் பூசுவோர், குறிப்பாக இங்கிலாந்தில் இருந்துகொண்டு இணையத்தில் பொருள் வாங்குவோர், "பெரிய நிறுவனங்களின் ஒரே பூச்சு வண்ணங்கள் அனைத்தும் சிறு குப்பிகளில், பாதி விலையில்" என்று வரும் விளம்பரங்களைக் கண்டால் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒருமுறை பூசினாலே நிறத்தோடு நிழலையும் தரும் வண்ணங்களையே ஒரே பூச்சு வண்ணம் என்கிறோம். அப்படி விளம்பரம் செய்த ஒரு கடையிடமிருந்து நான் வாங்கிய தொகுப்பில், லேபிளில் எழுதியிருந்த வண்ணத்துடன் ஏறக்குறைய அதே அளவு தண்ணீரும் இருந்தது. கடையின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. அது ஏற்கெனவே ஒருமுறை பெயர் மாறிவிட்டது. ஆகவே பெயரைக் காட்டிலும், அது ஏமாற்றும் முறையையும், புகார் செய்தால் தப்பிக்கும் முறையையும் அறிந்து வைத்திருப்பதே வாங்குவோருக்கு உதவும்.

பாலில் தண்ணீர் கலந்தால் முதல் மிடறிலேயே நாக்கு சொல்லிவிடும். ஒரே பூச்சு வண்ணத்தில் தண்ணீர் கலந்தால், வாங்கியவர் தம் கையைத்தான் முதலில் சந்தேகிப்பார். இந்த வகை வண்ணங்களுக்கு இயல்பாகவே சில கோணல்கள் இருப்பதால், கலப்படத்தால் வந்த குறையையும் அந்தக் கோணல்களின் கணக்கிலேயே எழுதிவிட முடிகிறது. விற்றவர் அதைத்தான் செய்தார்.

வண்ணம் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மோசடி விளங்காது. நாட்டிங்ஹாமில் தலைமையகம் கொண்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் 'ஸ்பீட்பெயின்ட்' என்றும், ஸ்பெயினின் வயேஹோ 'எக்ஸ்பிரஸ் கலர்' என்றும் தத்தம் வரிசைகளை வெளியிட்டன. வழக்கமான முறையில் அடிவண்ணம், நிழலுக்கான நீர்த்த வண்ணமான வாஷ், மேடுகளுக்கான வெளிர்வண்ணம் என்று அடுக்கடுக்காகப் பூச வேண்டிய இடத்தில், இவற்றை வெளிர்நிறப் பிரைமரின் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் தெளிக்கும் அடிப்பூச்சின்) மேல் ஒருமுறை பூசினால் போதும். நிறமிகள் ஒளி ஊடுருவக்கூடியவை. அவற்றைத் தாங்கியிருக்கும் அக்ரிலிக் மீடியம் சற்றுக் கெட்டியானது. அந்த மீடியமே வண்ணத்தை மேடான இடங்களிலிருந்து விலக்கிப் பள்ளங்களில் தேங்கவைக்கிறது. மேட்டில் படலம் மெல்லியதாக நிற்பதால் அடியிலுள்ள வெண்மை தெரிகிறது. பள்ளத்தில் தடித்து நிற்பதால் நிறம் ஆழ்ந்து நிழல்போல் தோன்றுகிறது. நிறமியைவிட மீடியத்தில்தான் இந்தத் திறமை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இந்த வண்ணங்களை வெளிறச் செய்ய விரும்புவோருக்குத் தண்ணீரைப் பரிந்துரைக்காமல், அதற்கென்றே தனி மீடியத்தைக் குப்பியில் அடைத்து நிறுவனங்கள் விற்பதும் இதனால்தான். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் மீடியத்தின் பிடி தளர்ந்துபோகும். ஓரங்கள் முதலில் உலர்வதால் நிறமி அங்கே இழுக்கப்பட்டு வளையமாகப் படியும், நடுப்பகுதி வெளிறிப்போகும்.

நான் ஆடும் வார்ஹாமர் 40,000 என்னும் மேசைப்போர் விளையாட்டில், படை முழுவதும் 'பேட்டில் ரெடி' என்னும் அடிப்படைத் தரத்துக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தால் நூறு புள்ளிகளில் பத்துப் புள்ளிகள் அதற்காகவே கிடைக்கும். பிரைமரின் சாம்பல் நிறத்தோடு படையை மேசையில் இறக்குபவர் தொடங்கும்போதே பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கிறார். என் படை டைரனிட். எண்ணிக்கையில் பெருகி வரும் பூச்சியுருக் கூட்டம். எலும்பு நிற உடலும் ஊதா நிற முதுகு ஓடும் கொண்ட லெவியதன் கூட்டத்தின் நிறங்களில் அதைப் பூச நினைத்தேன். வரிவரியான தசையும் மடிப்புகளும் நிறைந்த இந்த உருவங்களுக்கு ஒரே பூச்சு வண்ணம் போலப் பொருந்துவது வேறில்லை. கான்ட்ராஸ்ட் வரிசையில் எலும்பு நிறமான 'ஸ்கெலிட்டன் ஹோர்ட்', ஊதாவான 'ஷைஷ் பர்ப்பிள்' ஆகிய இரண்டும் எனக்குக் கட்டாயம் வேண்டும். மற்ற நிறங்களைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க விரும்பினேன். அசல் குப்பி 18 மில்லி. அந்தக் கடையோ 10 மில்லி துளிக்குப்பிகளில் மாற்றி அடைத்த தொகுப்பை, "அசல் வண்ணம், எதுவும் கலக்கப்படாதது, எந்தப் பிரைமரின் மேலும் வேலை செய்யும்" என்ற உறுதிமொழியோடு விற்றது. குப்பி மாற்றி விற்பதில் தவறேதும் இல்லை; மன்றங்களில் விளையாடுவோர் தங்களுக்குள் இப்படிப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்தான். கலக்கப்படாதது என்ற சொல்லில்தான் பொய் இருந்தது.

வெளிர் எலும்பு நிறமான 'ரெய்த்போன்' பிரைமர் தெளித்து நன்றாக உலரவிட்ட உருவங்களின் மேல் ஊதாவைப் பூசியபோது, முதுகோட்டின் தகடுகளில் அது பரவிய வேகமே சரியாக இல்லை. உரிய வண்ணம் தூரிகையின் பின்னால் சற்றுத் தயங்கித் தயங்கி வரும். இது மை சிந்தியதுபோல் ஓடிக் கீழ்விளிம்பில் தேங்கியது. உலர்ந்த பிறகு தகடுகளின் நடுவே வெளிறிய திட்டுகளும், ஓரங்களில் கறுத்த வளையங்களும் இருந்தன. தசை மடிப்புகளில் பூசிய எலும்பு நிறத்துக்கோ பள்ளம், மேடு என்ற வேறுபாடே இல்லை. எல்லா இடத்திலும் தேநீர்க் கறை படிந்ததுபோல் ஒரே சீரான மங்கல். கையில் எடுத்து வைத்த அளவிலேயே கூரிய விளிம்புகளில் வண்ணம் தேய்ந்து பிரைமர் எட்டிப்பார்த்தது.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். அவருடைய பதில்களை வரிசையாகச் சொல்வது அவசியம். இதே வரிசையில் உங்களுக்கும் வரக்கூடும். நிறமி அடியில் தங்கியிருக்கும், குப்பியை நன்றாகக் குலுக்குங்கள் என்றார் முதலில். குலுக்கியும் மாற்றமில்லை என்றதும், பிரைமர் பொருந்தவில்லை என்றார். எந்தப் பிரைமரின் மேலும் வேலை செய்யும் என்று விளம்பரத்தில் எழுதியவரும் அவரே. இந்த வகை வண்ணங்களுக்கென்றே அசல் நிறுவனம் வெளியிட்ட பிரைமரைத்தான் நான் தெளித்திருக்கிறேன் என்று சுட்டிக்காட்டியதும், தூரிகையில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள், தேங்கியதை ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று பாடம் வந்தது. அதற்கும் விடை சொன்ன பிறகு, ஒரே பூச்சு வண்ணங்கள் எல்லாமே திட்டுத்திட்டாகத்தான் உலரும், அது அவற்றின் இயல்பு என்றார். கடைசியாக, திறந்த குப்பிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார்.

கடைசிப் பதிலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருப்பதுதான் இந்த மோசடியின் பலம். குலுக்காத குப்பி ஏமாற்றும். கறுப்புப் பிரைமரின் மேல் இந்த வண்ணங்கள் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. டாங்கியின் பக்கவாட்டு, கேடயம், விரிந்த போர்வை போன்ற சமதளங்களில் அசல் வண்ணமும் திட்டாகத்தான் உலரும். ஸ்பீட்பெயின்ட்டின் முதல் பதிப்பு, உலர்ந்த பின்னும் மேலே ஈரம் பட்டால் மீண்டும் கரைந்து மேல்பூச்சோடு கலக்கும் என்பது பரவலாக அறியப்பட்டது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. இவற்றில் எதுவும் விற்றவரின் குற்றமாகாது. இவற்றைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்பதும் நியாயமாகாது. எனவே இயல்பான குறையையும் கலப்படத்தையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று தேவைப்பட்டது.

அதே ஊதாவின் முத்திரை உடையாத அசல் குப்பி ஒன்றைக் கடைத்தெருவில் நேரில் வாங்கினேன். வண்ணம் சோதிப்போர் வழக்கமாகப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே பிரைமரைத் தெளித்து, ஒரே தூரிகையால் ஒன்றில் அசலையும் மற்றொன்றில் அவர்கள் விற்றதையும் பூசினேன். கரண்டியின் குழிவு சமதளத்துக்கு நெருக்கமானது என்பதால் அசலும் அங்கே சற்றுத் திட்டாகவே உலர்ந்தது. ஆனால் விளிம்பில் வளையம் விழவில்லை, நிறத்தின் ஆழம் குறையவில்லை. உருவங்களின் மேல் பூசியபோது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது: அசல் பள்ளங்களில் கருநீலத்தை நெருங்கும் ஊதாவாகவும், மேடுகளில் மெல்லிய ஊதாவாகவும் பிரிந்து நின்றது.

அதன் பிறகு செய்த சோதனையே, பின்னர் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது செல்லுபடியானது. அசல் வண்ணத்தில் தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கரண்டியைப் பூசிக்கொண்டே போனேன். ஏறக்குறைய சரிபாதி தண்ணீர் சேர்ந்த படியில், கடைக்காரரின் வண்ணம் தந்த அதே வெளிறலும் அதே கறுத்த வளையமும் வந்தன. தண்ணீருக்குப் பதிலாக அந்த நிறுவனத்தின் மீடியத்தையே அதே அளவில் சேர்த்தபோது, நிறம் வெளிறியதே தவிர வளையம் விழவில்லை. கலந்தது மீடியம் அன்று, தண்ணீர்தான் என்று காட்ட இது போதும். வரிசையாக அடுக்கிய கரண்டிகளின் ஒரே படம் நான் எழுதிய நீண்ட கடிதங்களைவிட அதிகம் பேசியது.

செலவின்றிச் செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. பீங்கான் தட்டில் இரண்டு வண்ணங்களிலும் ஒவ்வொரு துளி விட்டு இரவு முழுவதும் உலரவிடுங்கள். அசல் துளி தடித்த, பளபளப்பான படலமாக உலரும். நீர்த்த துளி விளிம்பு மட்டும் கறுத்து, நடுவில் மெல்லிய கறையாக நிற்கும். குப்பியை முகர்ந்தும் பாருங்கள். வண்ணம் கெடாமல் காக்கும் பொருளும் தண்ணீர் கலந்தால் நீர்த்துவிடுகிறது. எனக்கு வந்த குப்பிகளில் ஒன்று சில வாரங்களில் அழுகிய நாற்றம் எடுத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

திறந்த குப்பியைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பதிலுக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். திறந்து பார்க்காமல் வண்ணம் விவரித்தபடி இருக்கிறதா என்று யாராலும் அறிய முடியாது. இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை தனியாக உண்டு. ஆனால் பொருளைப் பார்த்தறிவதற்கு வேண்டியதைவிட அதிகம் பயன்படுத்தியிருந்தால் அதற்காகப் பணத்தில் பிடித்தம் செய்யலாம் என்பதால், குறையுள்ள பொருளுக்கு முதலில் சொன்ன வழியே பொருத்தமானது. விற்பவர் வணிகர் அல்லாத தனிநபர் என்றால் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். கடன் அட்டையில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். என் தொகுப்பு அந்த அளவுக்கு வரவில்லை. ஆகவே, விற்றவருக்குச் சென்ற பணத்தை வங்கி மூலம் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் வழியாக முறையிட்டேன். விற்றவர் மறுப்பு எழுதினார். கரண்டிப் படத்தையும், "எந்தப் பிரைமரின் மேலும்" என்ற விளம்பர வரியையும், பிரைமர் பொருந்தவில்லை என்ற அவருடைய கடிதத்தையும் அருகருகே வைத்து அனுப்பியதும் பணம் திரும்பி வந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் விவரத்தைப் பதிந்தேன். அங்கே பதிவாகும் புகார்கள், வணிகர்களின் முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குச் செல்லும்.

பாதி விலை என்ற கணக்கும் உண்மையில் பொய்க்கணக்குதான். 10 மில்லிக் குப்பியில் பாதி தண்ணீர் என்றால், கிடைப்பது 5 மில்லி வண்ணம். ஒரு படைக்கு மூன்று நான்கு நிறங்களே முக்கியம் என்பதால், அவற்றை மட்டும் முத்திரையோடு கூடிய அசல் குப்பிகளாக வாங்கினாலே செலவு பெரிதாக ஏறுவதில்லை.

ஏற்கெனவே இத்தகைய குப்பிகளை வாங்கி உருவங்களின் மேல் பூசிவிட்டவர்கள், பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் உருவங்களாக இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து வண்ணத்தை எடுத்துவிடலாம்; காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அருகில் இல்லாமல் செய்யுங்கள். ரெசின் உருவங்களில் சில ஆல்கஹாலில் இளகிவிடும் என்பதால், உடைந்த துண்டு ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பணம் திரும்பக் கைக்கு வரும்வரை பூசிய உருவங்களில் சிலவற்றையாவது அப்படியே விட்டுவையுங்கள். குப்பிகளில் மிச்சமிருக்கும் வண்ணத்தையும் கொட்டிவிட வேண்டாம்.