பெரியம்மாவின் ப்ளாக்குக்கு மூன்று நாள்

மதுரையில் இருந்ததே பதினெட்டு நாள். அதில் மூன்று நாள் ஓர் ஆஸ்பத்திரி கவுன்டர் முன்னால் போனது. தேடிப் போனது தீப்பெட்டியைவிடச் சின்ன மெழுகுக் கட்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய்க்காகப் பெரியம்மாவின் தைராய்டை எடுத்தபோது மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு. ‘ப்ளாக்’ என்பார்கள்.

மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், அதாவது ரேடியோ அயோடின், முதல் தடவை நன்றாகப் பிடித்தது. இப்போது நுரையீரல் புள்ளிகள் சி.டி.யில் தெரிகின்றன, அயோடின் ஸ்கேனில் தெரியவில்லை. செல்லுக்குள் அயோடினை இழுக்கும் கதவு அடைபட்டுவிட்டது. மாத்திரையால் அதைத் திறந்து, மறுபடி அயோடின் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். 2013-ல் நியூயார்க்கில் செலுமெட்டினிப் என்ற அப்படியொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த 20 பேரில் 12 பேருக்கு அயோடின் ஏறுவது கூடியது. அவர்களில் 8 பேருக்குச் சிகிச்சை கொடுக்கப் போதுமான அளவு ஏறியது. எல்லோருக்கும் திறக்காதுதான். ஆனால் கட்டியின் ஜீனில் இருப்பது பிராஃப் மாற்றமா, ராஸ் மாற்றமா என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை என்று முடிவு செய்ய முடியும். அதைச் சொல்ல வேண்டியது அந்த ப்ளாக்.

முதல் நாள், “பழைய ரசீது இருக்கா?” ஆறு வருஷ ரசீதை யார் வைத்திருப்பார்கள்! இரண்டாம் நாள், கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. மூன்றாம் நாள், நோயாளியே எழுதிய கடிதம் வேண்டுமாம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? டொரொன்டோவில் என் கணவருடைய ப்ளாக் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது எங்களுக்கே பிறகுதான் தெரியும். இங்கே எழுபது வயதுப் பெரியம்மா ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வயதான அட்டெண்டர்தான் உள்ளே போய் டிராயர் டிராயராக இழுத்துப் பார்த்து எடுத்து வந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பென்சிலில் எண். பஞ்சில் சுற்றி, மாத்திரை கவரில் போட்டு என் கையில் வைத்தார். “வெயில்ல காருக்குள்ள வச்சிடாதீங்கம்மா, மெழுகு இளகிரும்.” டொரொன்டோவில் இப்படி ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னதில்லை.

வீடு வரை மடியிலேயே வைத்திருந்தேன். பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் கேட்டார்: “மறுபடியும் அயோடின் குடுத்தா அந்த ரெண்டு வாரப் பத்தியம் இருக்கணுமில்ல? மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. கல் உப்பு வாங்கும்போது பாக்கெட்டுல அயோடின்னு போடாததா பாத்து வாங்கு.”

ரிசல்ட் இன்னும் வரவில்லை.