நாற்பது நிமிடம் அசையாத பிள்ளை, பாதிப் படம்

இந்தத் தடவை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் எனக்கு எழுத இருப்பது ஒன்றுதான். அக்கா மகளுக்கு ஏழு வயது. காலையில் எழுந்ததும் வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். சி.டி. ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி என்று தெரிந்த அன்று மாலையே எம்.ஆர்.ஐ.க்கும் நேரம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் மகனின் தலைவலிக்கு ஸ்கேன் எடுக்க ஆறு வாரம் காத்திருந்தவன் நான். நெகிழ்ந்துபோனேன்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைப் பழக்கினால் விழித்தபடியே படுத்திருப்பார்கள். வெளிநாட்டில் அதற்கென்றே மாதிரி மெஷின் வைத்துப் பழக்கும் ஆட்கள் உண்டு. இங்கே அந்த வேலையையும் டெக்னீஷியன் தம்பியே செய்தார். “இது டக் டக்குனு தட்டும், இது தேனீ மாதிரி இரையும். பயப்படக் கூடாது பாப்பா” என்று ஒவ்வொரு சத்தத்தையும் வாயாலேயே எழுப்பிக் காட்டினார். பெல்ட், பர்ஸ், மோதிரம் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, உள்ளே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம். நடுவில் மேசையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்போதும் அவள் அசையவில்லை.

மறுநாள் கவர் வந்தது. ஃபிலிம், ஒரு டிவிடி, ரிப்போர்ட். என் சின்ன வயதில் அப்பாவின் எக்ஸ்ரேயை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அதே பெரிய கவர், அதே மாதிரி மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

அறுவை நிபுணர் டிவிடியைப் போட்டுப் பார்த்தார். “டிஃப்யூஷன் எங்கே? ஏடிசி மேப் எங்கே?” பொறுக்கியெடுத்த சில படங்கள்தான் அதில் இருந்தன. மேசை அதிர்ந்ததே, அதுதான் டிஃப்யூஷன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கட்டிக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதைக் காட்டும் படம் அது. அந்த நகர்வைக் கணக்கிட்டு வரைந்த படம்தான் ஏடிசி மேப். பிள்ளைகளின் சிறுமூளையில் வரும் கட்டிகளில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வகையானால் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், நீர் நகர இடமிருக்காது, ஏடிசி மேப்பில் கருமையாகத் தெரியும். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற இன்னொரு வகை வெளிச்சமாகத் தெரியும். முன்னது வேகமாக வளரும், தண்டுவடத்துக்கும் பரவலாம். பின்னது மெதுவானது, முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. கத்தி வைப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல உதவும் படத்தை விட்டுவிட்டா டிவிடி போடுவார்கள்?

ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். கவுண்டரில் “எல்லாம் ரிப்போர்ட்லயே இருக்கு சார்” என்றார்கள். என் மகனுக்கு எடுத்தபோது நான் ஒரு கவரைக்கூடத் தொடவில்லை, எல்லாப் படமும் நேராக டாக்டரின் திரைக்குப் போய்விட்டது. இங்கே எங்கள் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்து கொடுத்ததில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. என் குரல் உயர்ந்துவிட்டது. சத்தம் கேட்டு அந்த டெக்னீஷியன் தம்பியே வெளியே வந்தார். சர்வரில் எல்லாமே இருந்தது. பத்து நிமிடத்தில் முழு டிவிடி கைக்கு வந்தது. “யாரும் கேக்கறதில்ல சார்” என்றார். எதைக் கேட்பது என்று தெரியாமல் கவரை வாங்கிப் போகும் அம்மாக்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. டிஃப்யூஷன் உட்பட எடுத்த எல்லா வரிசைப் படங்களும் வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கேயே கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏடிசி மேப் வெளிச்சமாக இருந்தது. ஒரு நீர்ப்பை, அதன் ஓரத்தில் ஒரு முடிச்சு. மெதுவான வகை போலத்தான் தெரிகிறது, உறுதியாகச் சொல்லத் திசுப் பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர். அறுவை முடிந்து 72 மணி நேரத்துக்குள், மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்களாம்.

“அன்னைக்கும் காலைப் பிடிச்சுக்கிறீங்களா மாமா?” என்று கேட்டாள். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.