ஒரே மதர்போர்டில் மூன்று ப்ராசஸர்கள்: ஏஎம்டியுடன் நீண்ட நாள் அனுபவம்

ப்ராசஸர் நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் வரிசை வெளிவந்த 2017 ஆம் ஆண்டிலேயே, ஆறு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ரைசன் 5 1600 ப்ராசஸரை ஒரு பி350 மதர்போர்டில் பொருத்தினேன். பின்னர் அதன் இடத்திற்கு ரைசன் 5 3600 வந்தது, அதற்குப் பின் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. மதர்போர்டு மட்டும் மாறவில்லை. ப்ராசஸரின் வேகத்தை வாங்கிய அன்றே அளந்துவிடலாம், ஆனால் அதைச் சுற்றியுள்ள பாகங்களுக்குச் செலவிட்ட பணம் எவ்வளவு காலம் பயன் தரும் என்பது ஆண்டுகள் கடந்த பின்னரே தெரியவரும் என்பதால், ஏஎம்டியின் சிறப்பாக நான் முதலில் சொல்வது, மதர்போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடமான ஏஎம்4 சாக்கெட்டின் ஆயுளைத்தான்.

1969 இல் ஜெர்ரி சாண்டர்ஸும் ஃபேர்சைல்டு என்ற சில்லு நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் தொடங்கிய நிறுவனம் இது. இன்று ஏறத்தாழ எல்லா மேசைக் கணினிகளும் பயன்படுத்தும் 64 பிட் எக்ஸ்86 கட்டளைத் தொகுதி, 2003 இல் ஏஎம்டியின் ஆப்டெரான் ப்ராசஸர் வழியாக வந்ததுதான். 2011 இல் வந்த புல்டோசர் வடிவமைப்பு ஒற்றைக் கோர் வேகத்தில் பின்தங்கியது. ஆனால் 2009 இலேயே தன் ஆலைகளைக் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்ததால், பிற்காலத்தில், மற்ற நிறுவனங்களுக்குச் சில்லு தயாரித்துத் தரும் டிஎஸ்எம்சியின் நுண்ணிய 7 நானோமீட்டர் உற்பத்தி முறையைத் தேர்ந்தெடுக்க ஏஎம்டிக்கு வழி இருந்தது.

அதன் பலனை 3600 இல் நேரடியாக உணர்ந்தேன். கணக்கிடும் சில்லு 7 நானோமீட்டரிலும், நினைவகத்தையும் பிற இணைப்புகளையும் கையாளும் சில்லு பழைய 12 நானோமீட்டரிலும் தனித்தனியே தயாரிக்கப்பட்டு ஒரே பொதியில் இணைக்கப்பட்டிருந்தன. எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 16 எம்பியிலிருந்து 32 எம்பியாக உயர்ந்தும் வெப்ப அளவு 65 வாட்டிலேயே நின்றதால், பழைய கூலரையே வைத்துக்கொண்டு பெரிய நிரல்களை முன்பைவிட விரைவாகத் தொகுக்க முடிந்தது. 5800எக்ஸ்3டியோ வேறு வகை. கணக்கிடும் சில்லின் மேல் 64 எம்பி கேஷை அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். விளையாட்டுகளில் காட்சி தடுமாறாமல் ஓடுவதற்கு இதுவே காரணம். அடுக்கிய சில்லு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் இதற்கு நல்ல கூலர் கட்டாயம் தேவை. வீடியோ மாற்றம் போன்ற வேலைகளுக்காக மட்டும் இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய ப்ராசஸரைப் பொருத்துவதற்கு முன், பழையது இருக்கும்போதே, கணினியைத் தொடங்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பி350 உள்ளிட்ட 300 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசை ஆதரவு 2022 இல்தான் வந்தது. பல போர்டுகளில் பயாஸ் சேமிப்பு 16 எம்பி மட்டுமே என்பதால், புதியவற்றைச் சேர்க்கச் சில பழைய ப்ராசஸர்களின் ஆதரவை நீக்க வேண்டியிருந்தது. ஏஎம்4 இல் பின்கள் ப்ராசஸரிலேயே இருப்பதால், கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் இயக்கி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையை இளக வைத்து, மெல்லத் திருகி எடுப்பது நல்லது. நேராக இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரலாம்.

சேமிப்பகம் போன்றவற்றை இணைக்கும் பிசிஐஇ, பி350 இல் 3.0 பதிப்பு வரைதான் உண்டு. அதைவிட வேகமான சேமிப்பகம் எனக்குத் தேவைப்படும்போது, டிடிஆர்5 நினைவகத்தையும் சேர்த்து வாங்கி, அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 க்கு மாறுவேன். அதுவரை இந்தப் போர்டே போதும்.